கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் (எம்.எல்.சி.) திருத்தம் ஜெனீவாவிலிருந்து மெஸ் ரூம் வரை வரும் வழி: ஒரு கப்பல் சமையல்காரரின் விமர்சனம்

2025 பிப்ரவரி மாதச் சம்பளச் சீட்டில், பிடித்தம் பகுதியில் ஒரு வரி இருந்தது: பாட்டில் தண்ணீர், 18 டாலர். புதிய வரி ஒன்றும் இல்லை, அந்தக் கம்பெனியில் சேர்ந்ததிலிருந்தே மாதாமாதம் வந்துகொண்டிருந்ததுதான். கேலியில், அதாவது கப்பல் சமையலறையில், குழாயைத் திறந்தால் முதல் அரை நிமிடம் பழுப்பாக வரும், அப்புறம் தெளியும், ஆனால் துரு வாடை போகாது. அந்தத் தண்ணீரில் சோறு வடிக்கலாம், குடிக்க யாருக்கும் மனசு வராது. அதனால் எல்லோரும் பாண்ட் ஸ்டோர் என்கிற கப்பல் கடையில் பாட்டில் கேஸ் எடுப்போம், காசு சம்பளத்தில் போகும்.

அன்றைக்கு என்னோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மெஸ்மேன், இருபத்து மூன்று வயது பிலிப்பைன்ஸ் பையன், சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "சீஃப், இது தப்பு. டிசம்பரிலிருந்து குடிதண்ணீருக்குக் காசு பிடிக்கக் கூடாது" என்றான். எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஊரை விட்டுக் கிளம்பும் முன் அவர்கள் நாட்டில் கட்டாயமாக ஒரு வகுப்பு உண்டு, அதில் சொன்னார்கள் என்றான். கேப்டனிடம் போய்க் கேட்டோம், அவர் கம்பெனிக்கு மெயில் போட்டார், அடுத்த மாதச் சீட்டில் அந்த வரி இல்லை. ஜனவரி, பிப்ரவரிக்குப் பிடித்தது மட்டும் கடைசி வரை திரும்பி வரவில்லை.

தூத்துக்குடிக்காரன் நான். 19 வருடம் கப்பலில் சமையல், அதில் கடைசி 11 வருடம் சீஃப் குக். எனக்காகவே எழுதிய ஒரு விதி, என் கேலிக்குள் நடக்கும் விஷயம், அது அமலுக்கு வந்து இரண்டு மாதம் கழித்து, அதுவும் என்னைவிடப் பாதி வயதுப் பையன் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. அது ரொம்ப உறுத்தியது. இறங்கி வந்த பிறகு இந்த விதி எங்கே பிறக்கிறது, எப்படி நம் நாட்டுக்கு வருகிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்று உட்கார்ந்து படித்தேன். அதைத்தான் ஒரு சேவையை விமர்சிப்பதுபோல எழுதுகிறேன். மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஜெனீவாவில் நடக்கும் பாதிக்கு ஐந்துக்கு நாலரை, இந்தியாவுக்குள் நடக்கும் பாதிக்கு இரண்டரை.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். எம்.எல்.சி. என்று நாம் சொல்லும் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, ஜெனீவாவில் இருக்கும் சர்வதேச தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ. 2006 பிப்ரவரி 23 அன்று நிறைவேற்றியது. 30 நாடுகள், அதுவும் உலகக் கப்பல் டன்னேஜில், அதாவது மொத்தக் கப்பல் கொள்ளளவில், குறைந்தது 33 சதவீதம் வைத்திருக்கும் நாடுகள், ஏற்புறுதி செய்தால்தான், அதாவது முறைப்படி ஏற்றுக்கொண்டால்தான், அமலுக்கு வரும் என்று நிபந்தனை. அது நிறைவேறி 2013 ஆகஸ்ட் 20 அன்று அமலுக்கு வந்தது. ஓய்வு நேரம், சாப்பாடு, கேபின், வீடு திரும்பும் செலவு, சம்பளம் எல்லாம் இதற்குள்தான். கப்பல் சமையல்காரருக்கு முறையான பயிற்சியும் தகுதியும் வேண்டும் என்பதும் இதில்தான் இருக்கிறது. என் தொழிலுக்கு ஒரு மரியாதை வந்தது அதனால்தான்.

இந்த உடன்படிக்கையை எழுதியவர்கள் ஒரு விஷயத்தில் ரொம்ப யோசித்திருக்கிறார்கள், அது திருத்தம் செய்யும் முறை. அரசுகள், கப்பல் முதலாளிகள், மாலுமிகள் என்று மூன்று தரப்பும் உட்காரும் ஒரு சிறப்புக் குழு இருக்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும், அது போதாதென்று ஒவ்வொரு தரப்பிலும் குறைந்தது பாதி ஆதரவு வேண்டும், ஆக முதலாளிகளை ஒதுக்கிவிட்டு மாலுமிகளோ மாலுமிகளை ஒதுக்கிவிட்டு அரசுகளோ எதையும் தள்ளிக்கொண்டு போக முடியாது. அங்கே தேறினால் ஜூன் மாதம் நடக்கும் ஐ.எல்.ஓ. மாநாட்டில் மறுபடி மூன்றில் இரண்டு பங்கு. அப்புறம் ஏற்கெனவே உடன்படிக்கையில் சேர்ந்திருக்கும் எல்லா நாட்டுக்கும் கடிதம் போகும். அங்கிருந்து வழக்கமாக இரண்டு வருடம். அந்த இரண்டு வருடத்துக்குள் 40 சதவீதத்துக்கு மேற்பட்ட நாடுகள், அவற்றின் கையில் 40 சதவீதத்துக்குக் குறையாத டன்னேஜும் இருந்து, எங்களுக்கு உடன்பாடில்லை என்று எழுதிக் கொடுத்தால்தான் திருத்தம் விழும். இல்லையென்றால் இன்னும் ஆறு மாதத்தில் அமல். மௌனம் சம்மதம் என்று நாம் சொல்வது அங்கே எழுதி வைத்த விதி. ஒரு நாடு மட்டும் தனக்கு அவகாசம் வேண்டும் என்றால், நானாக எழுத்தில் ஏற்கும் வரை என்னைக் கட்டுப்படுத்தாது என்று அந்தக் காலத்துக்குள் அறிவிக்கவும் வழி இருக்கிறது. வேண்டாம் என்பவர்தான் வாயைத் திறக்க வேண்டும், இழுத்தடிப்பவருக்குப் பலன் கிடையாது.

இதன் அருமை தெரிய வேண்டும் என்றால் அதே ஐ.எல்.ஓ.வின் இன்னொரு திருத்தத்தைப் பாருங்கள். அந்த அமைப்பின் சொந்த அரசியல் சாசனத்தைத் திருத்தி, பத்துப் பெரிய தொழில் நாடுகளுக்கு ஆட்சிக் குழுவில் இருக்கும் நிரந்தர இடங்களை எடுத்துவிடலாம் என்று 1986ல் முடிவெடுத்தார்கள். அதற்கு மௌனம் போதாது, ஒவ்வொரு நாடும் தனித்தனியாக ஏற்புறுதி செய்ய வேண்டும், மூன்றில் இரண்டு பங்கு உறுப்பு நாடுகள், அவற்றில் அந்தப் பத்துப் பெரிய நாடுகளில் ஐந்தாவது இருக்க வேண்டும். இந்தியா செய்துவிட்டது. பெரிய நாடுகள் போதுமான அளவு வராததால் இன்று வரை அது அமலுக்கு வரவில்லை. நான் பள்ளிக்கூடம் சேர்ந்த காலத்து முடிவு அது.

எம்.எல்.சி.யோ இதற்குள் நான்கு முறை திருத்தப்பட்டு நான்கும் அமலுக்கு வந்துவிட்டன. எல்லாவற்றையும் சொல்லவில்லை, கடலில் இருப்பவனுக்கு உயிர்நாடியானவற்றை மட்டும் சொல்கிறேன்.

2014 திருத்தம், 2017 ஜனவரி 18 முதல் அமல். முதலாளி கப்பலை அப்படியே கைவிட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கானது. இரண்டு மாதச் சம்பளம் வராமல் போனாலோ, சாப்பாடும் எரிபொருளும் இல்லாமல் விட்டாலோ, ஊருக்கு அனுப்பும் செலவைக் கொடுக்க மறுத்தாலோ அதற்குக் கைவிடுதல் என்று பெயர். அப்போது நான்கு மாதம் வரையிலான சம்பள பாக்கி, சாப்பாடு, வீடு திரும்பும் செலவு எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே காப்பீடு மாதிரி ஒரு நிதி உத்தரவாதம் கப்பலுக்கு இருக்க வேண்டும், அதன் சான்றிதழ் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் தொங்க வேண்டும். 2021 ஜனவரியில் துபாய் பக்கம் உம் அல் குவைன் கடற்கரையில் ஐபா என்ற டேங்கர் கரை ஒதுங்கிய படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். உல்லாசமாகக் குளிக்க வருகிற கடற்கரை, அதில் ஒரு கப்பல், கப்பலில் வருடக்கணக்காகச் சம்பளம் காணாத ஆட்கள், அதில் இந்தியர்களும் இருந்தார்கள். அந்த நிலைமைக்குத்தான் இந்தத் திருத்தம். சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனமான ஐ.டி.எஃப். கணக்குப்படி 2024ல் மட்டும் 312 கப்பல்களில் 3,133 மாலுமிகள் கைவிடப்பட்டிருக்கிறார்கள். அதில் 899 பேர் இந்தியர்கள், வேறு எந்த நாட்டுக்காரரும் அத்தனை பேர் இல்லை. இந்த எண்ணைப் படித்த பிறகு, இது நமக்குச் சம்பந்தமில்லாத ஜெனீவாக் கதை என்று யாரும் சொல்ல முடியாது.

2018 திருத்தம், 2020 டிசம்பர் 26 முதல். கடற்கொள்ளையர் பிடித்து வைத்திருக்கும் காலம் முழுவதும், ஒப்பந்தத் தேதி முடிந்துபோனாலும், சம்பளம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆஸ்பால்ட் வென்ச்சர் கப்பல் 2010 செப்டம்பரில் பிடிபட்டது, 2011 ஏப்ரலில் பணம் கொடுத்து மீட்டும் இந்தியர்கள் ஏழு பேரை மட்டும் விடாமல் சோமாலியாவில் வைத்துக்கொண்டார்கள், அவர்கள் வெளியே வந்தது 2014 அக்டோபர் கடைசியில். நான்கு வருடம். ஒன்பது மாத ஒப்பந்தத்தில் போகும் ஒருவனின் வீட்டுக்கு அந்த நான்கு வருடம் எப்படி ஓடும் என்று நினைத்துப் பாருங்கள்.

2016ல் வந்தது தொல்லை, மிரட்டல் பற்றியது. 2022ல் வந்து 2024 டிசம்பர் 23 முதல் அமலானதுதான் என் தண்ணீர். அதே தொகுப்பில் முடிந்தவரை கப்பலில் இணைய வசதி, பெண் மாலுமிகளுக்கும் பொருந்துகிற அளவில் பாதுகாப்பு உடை, கடலில் இறந்தவரின் உடலைத் தாமதமில்லாமல் ஊருக்கு அனுப்ப நாடுகள் ஒத்துழைப்பது எல்லாம் உண்டு. கோவிட் சமயத்தில் எந்தத் துறைமுகமும் இறங்க விடாமல் அலைந்த அனுபவம் இதில் தெரிகிறது.

ஆக ஜெனீவா வரை எனக்குக் குறை அதிகம் இல்லை. அரை மதிப்பெண் குறைத்தது எதற்கு என்று பிறகு வருகிறேன்.

இனி நம் வீட்டுக்குள். என் கப்பல் வெளிநாட்டுக் கொடி, அதாவது வேறு நாட்டில் பதிவானது, இதில் இந்திய அரசுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். மூன்று வேலை இருக்கிறது. இந்தியக் கொடிக் கப்பல்களுக்கு விதி போடுவது ஒன்று. நம் துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டுக் கப்பலில் ஏறிச் சோதிப்பது இரண்டு, உடன்படிக்கையில் சேராத நாட்டுக் கொடி என்றாலும் அதற்குச் சலுகை காட்டக் கூடாது என்று உடன்படிக்கையே சொல்கிறது. மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்: இந்தியாவில் ஆள் எடுக்கும் மேனிங் கம்பெனிகளை ஒழுங்கு செய்வது.

இந்தியாவில் சர்வதேச உடன்படிக்கையை ஏற்புறுதி செய்ய நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு தேவையில்லை, அமைச்சரவை முடிவெடுத்தால் போதும். ஆனால் அதை நாட்டுக்குள் செல்லுபடியாக்கச் சட்டம் வேண்டும், அந்த அதிகாரத்தை அரசமைப்புச் சட்டத்தின் 253ஆம் பிரிவு நாடாளுமன்றத்துக்குக் கொடுக்கிறது. தொழிலாளர் உடன்படிக்கைகளில் நம் அரசுக்கு ரொம்ப காலமாக ஒரு பழக்கம் உண்டு, முதலில் உள்நாட்டுச் சட்டத்தைச் சரி செய், அப்புறம்தான் கையெழுத்து. குழந்தைத் தொழிலாளர் பற்றிய இரண்டு உடன்படிக்கைகளை, ஒன்று 1973ல் வந்தது, இன்னொன்று 1999ல் வந்தது, 2017 ஜூனில்தான் ஏற்றார்கள், அதுவும் 2016ல் உள்நாட்டுச் சட்டத்தைத் திருத்திய பிறகு. எம்.எல்.சி.யிலும் அதே வரிசைதான். 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தை 2014ல் திருத்தினார்கள், 2015 அக்டோபர் 9 அன்று ஏற்புறுதி, 2016ல் விதிகள்.

இந்தப் பழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு ஊரில் ஒன்றும் செய்யாத நாடுகள் இருக்கின்றன, அதைவிட இது நேர்மையானது. என்ன, ஒன்பதரை வருடம் ஆனது. அந்த ஒன்பதரை வருடத்தில் நான் ஆறு கப்பல் மாறியிருக்கிறேன்.

ஆனால் திருத்தம் என்று வரும்போது இந்தப் பழக்கம் அப்படியே தலைகீழாகிறது. முதலில் சட்டம் அப்புறம் கையெழுத்து என்று அங்கே சொல்ல முடியாது, கடிகாரம் ஜெனீவாவில் ஓடுகிறது, ஒரு நாடு வாய் திறக்காவிட்டால் குறிப்பிட்ட நாளில் அது கட்டுப்பட்டுவிடும். அந்த நாளுக்குள் உள்நாட்டு விதியையும் மாற்றியிருக்க வேண்டும், ஆய்வாளர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும், மேனிங் கம்பெனிகளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். கடிதம் வந்ததிலிருந்து அமல் நாள் வரை இரண்டரை வருடம் இருக்கிறது, நேரம் போதாது என்று சொல்லவே வழியில்லை. ஆனாலும் அந்த இரண்டரை வருடத்தில் என்ன நடக்கிறது என்று ஒரு சாதாரண மாலுமிக்குக் கண்ணில் படுவதே இல்லை. சட்டத்தின் கீழ் போடும் விதிகளை இரு அவைகளிலும் 30 நாள் வைக்க வேண்டும் என்பது உண்மை, ஆனால் அது விதி போட்ட பிறகு. அதற்கு முன் நடப்பதெல்லாம் அமைச்சகம், மாலுமிகள் சங்கம், கப்பல் முதலாளிகள் சங்கம் இவர்களுக்குள் முடிந்துவிடுகிறது. மும்பையில் இருக்கும் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்திலிருந்து வரும் சுற்றறிக்கைகள் இணையத்தில் இருக்கின்றன, இல்லையென்று சொல்ல மாட்டேன். எல்லாம் ஆங்கிலத்தில், இன்ன விதியின் இன்ன உட்பிரிவில் இன்ன சொல்லுக்குப் பதிலாக இன்ன சொல் என்கிற நடையில். பத்தாவது படித்து ஜி.பி. ரேட்டிங் என்கிற அடிப்படை மாலுமிப் பயிற்சி முடித்து டெக்கில் நிற்கும் பையன் அதைப் படித்து, அட, தண்ணீர் இலவசம் என்று கண்டுபிடிப்பானா?

இங்கிலாந்தில் இதே வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தேன். 2010ல் அவர்கள் போட்ட ஒரு சட்டப்படி, ஒரு சர்வதேச ஒப்பந்தத்தை ஏற்புறுதி செய்யும் முன் அதை நாடாளுமன்றத்தில் 21 அமர்வு நாட்கள் வைக்க வேண்டும், கூடவே இது என்ன, ஏன் ஏற்கிறோம் என்று ஒரு விளக்கக் குறிப்பும் வைக்க வேண்டும். மக்களவை எதிர்த்துத் தீர்மானம் போட்டால் அரசு அப்படியே மேலே போக முடியாது. அங்கே எல்லாம் பிரமாதம் என்று சொல்ல வரவில்லை. என் கண்ணில் பட்டது அந்த விளக்கக் குறிப்பு. என்ன மாறுகிறது, யார் செலவு செய்வார், உள்நாட்டில் எந்தச் சட்டம் மாற வேண்டும், யாரையெல்லாம் கலந்தோம் என்று ஒரு அதிகாரி உட்கார்ந்து நேரான வாக்கியத்தில் எழுதுகிறார். மூன்று நான்கு பக்கம் போதும். அதைத் தமிழிலும் மலையாளத்திலும் வங்காளியிலும் போட்டால், சென்னையிலும் தூத்துக்குடியிலும் இருக்கும் பயிற்சி நிலையங்களில் சுவரில் ஒட்டலாம்.

இதில் எனக்கு ஆதங்கம் அதிகமாகும் இடம் ஒன்று இருக்கிறது. 2022 திருத்தத்திலேயே ஒரு வரி சொல்கிறது: ஆள் எடுக்கும் நிறுவனம், வேலைக்குச் சேர்க்கும் முன்போ சேர்க்கும்போதோ, தன்னால் இழப்பு வந்தால் மாலுமிக்கு என்ன பாதுகாப்பு என்று அவருக்குச் சொல்லியாக வேண்டும். அதாவது தெரியப்படுத்துவதே ஒரு கடமை. நான் கடைசியாகச் சைன் ஆன் ஆனபோது, அதாவது ஒப்பந்தம் போட்டு வேலையில் சேர்ந்தபோது, நடந்தது என்ன? ஏஜென்ட் ஆபீஸில் ஒரு கட்டுத் தாள், பதினைந்து இருபது இடத்தில் பெருக்கல் குறி, அங்கெல்லாம் கையெழுத்து. ஒரு தாளின் தலைப்பில் 'உரிமைகள் விளக்கப்பட்டன' என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் இருந்ததை நான் பார்த்தேன். இது என்ன தம்பி என்று அந்த ஆபீஸ் பையனிடம் கேட்டேன். "எல்லாம் ஃபார்மாலிட்டிதான் அண்ணே, ஃப்ளைட்டுக்கு நேரமாகுது" என்றார். போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தப் பையனையும் குற்றம் சொல்ல முடியாது, அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்த அரை மதிப்பெண் விஷயத்துக்கு வருகிறேன். எம்.எல்.சி. எல்லாக் கடலோடிக்கும் இல்லை. மீன்பிடிப் படகு கிடையாது, பாரம்பரிய முறையில் கட்டிய மரக்கலங்களும் கிடையாது. எங்கள் ஊர்த் தோணிகள் தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குக் காய்கறி, செங்கல், மணல் என்று ஏற்றிக்கொண்டு போகின்றன. அதில் போகிறவர்களும் கடலைத்தான் தாண்டுகிறார்கள், நாட்டு எல்லையைத்தான் தாண்டுகிறார்கள், ஆனால் மேலே சொன்ன நான்கு திருத்தத்தில் ஒன்றும் அவர்களைத் தொடாது. மீன்பிடித் தொழிலாளர்களுக்கென்று 2007ல் தனி உடன்படிக்கை வந்தது, 188ஆம் எண், அதை இந்தியா இன்னும் ஏற்கவில்லை. 2020 ஜூலை 1 அன்று கடற்படையின் ஜலஷ்வா கப்பல் ஈரானிலிருந்து 687 பேரை ஏற்றிக்கொண்டு எங்கள் துறைமுகத்துக்கு வந்தது, அதில் பெரும்பாலும் அங்கே மீன்பிடி வேலைக்குப் போய் மாட்டிக்கொண்ட நம் ஆட்கள். அவர்களுக்குக் கப்பல் அனுப்பிய அரசு, அந்த 188ஐயும் எடுத்து மேசையில் வைக்க வேண்டும்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், கடிகாரம் மறுபடி ஓடுகிறது. 2025 ஏப்ரலில் சிறப்புக் குழு கூடி, ஜூன் மாநாட்டில் ஐந்தாவது தொகுப்பும் நிறைவேறிவிட்டது. தடை வராவிட்டால் 2027 டிசம்பரில் அமல். துறைமுகத்தில் கரை இறங்கத் தனி விசா கேட்கக் கூடாது என்பது இதில் இருக்கிறது. ஒரு வருட ஒப்பந்தத்தில் மூன்று தடவைகூடக் கரையில் கால் வைக்காமல் வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது ரொம்பப் பெரிய விஷயம். மாலுமிகளை அத்தியாவசியப் பணியாளர்களாக நடத்த வேண்டும் என்பதும் இருக்கிறது. 1958 சட்டத்தின் இடத்தில் புது வணிகக் கப்பல் சட்டத்தையும் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியிருக்கிறது, ஆக எப்படியும் விதிகளை எழுதிக்கொண்டிருக்கும் நேரம் இது. விளக்கக் குறிப்பை இப்போதே எழுதலாம். சங்கத்தில் சந்தா கட்டுகிறவர்கள் கிளை ஆபீஸில் போய், ஐந்தாவது திருத்தத்துக்கு நம் தரப்பில் என்ன சொன்னீர்கள், தமிழில் எப்போது கிடைக்கும் என்று கேளுங்கள். எம்.பி.க்கு எழுதத் தெரிந்தவர்கள் எழுதுங்கள். நான் எழுதிவிட்டேன்.

என் அக்கா மகன் போன மாதம் ஓ.எஸ். ஆக, அதாவது டெக்கில் கடைநிலை மாலுமியாக, சைன் ஆன் ஆனான், ஒன்பது மாதம். ஏறினதும் செய்ய வேண்டிய முதல் வேலை, மெஸ் ரூம் போர்டில் இருக்கும் நிதி உத்தரவாதச் சான்றிதழை மொபைலில் படம் எடுத்து எனக்கு அனுப்புவது என்று சொல்லியிருந்தேன். இரண்டு படம் அனுப்பினான், பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு தாள், கைவிடுதலுக்கு ஒன்று, விபத்து மரணம், ஊனத்துக்கு ஒன்று. கப்பல் பெயர், ஐ.எம்.ஓ. எண் என்கிற கப்பலின் அடையாள எண், காப்பீடு கொடுத்த பி அண்ட் ஐ கிளப்பின் (கப்பல் முதலாளிகளின் கூட்டுக் காப்பீட்டு அமைப்பு) பெயரும் அவசரத் தொடர்பும் எல்லாம் சரியாக இருந்தன. கீழே காலாவதி: பிப்ரவரி 20. பி அண்ட் ஐ வருடம் பெரும்பாலும் அன்றைக்குத்தான் புரளும். அவன் ஒப்பந்தம் அதைத் தாண்டிப் போகிறது. 21ஆம் தேதி காலையில் டியூட்டி முடிந்ததும் போர்டைப் பார், புதுத் தாள் தொங்கவில்லை என்றால் கேப்டனிடம் கேள், அவர் நாளைக்கு என்றால் எனக்குப் போன் பண்ணு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.